மணப்பெண்ணுக்கு மூன்று படி வெளுப்பு

மலேசியாவின் பெஸ்தாரி ஜெயாவில், அதாவது பழைய பத்தாங் பெர்ஜுந்தையில், மணப்பெண் அலங்காரம் செய்கிறேன். வருகிற பெண்கள் பெரும்பாலும் தோட்டத்துக் குடும்பங்கள். பாட்டி பால்மரம் சீவியவர், அம்மா செம்பனை உதிரிப்பழம் பொறுக்கியவர். பெட்டியைத் திறப்பதற்குள் அம்மாவோ அத்தையோ என்னை ஓரமாக அழைத்து, "மாப்பிள்ளை வீட்டார் எல்லாரும் சிவப்பு. கொஞ்சம் தூக்கலாகப் போட்டுவிடம்மா" என்பார்கள்.

பவுண்டேஷன் என்கிற அடிப்பூச்சைத் தாடை ஓரம் தடவிப் பார்த்து, தோலோடு கலப்பதைத்தான் எடுக்க வேண்டும். இவர்கள் கேட்பது அதைவிட மூன்று படி வெளுத்தது. கருத்த தோலில் அது சாம்பல் பூத்து நிற்கும். அதை மறைக்க அடியில் ஆரஞ்சுப் பூச்சு. அப்புறம் காது, கழுத்து, முழங்கை என்று இழுத்துக்கொண்டே போக வேண்டும். ஒரு பெண் கண்ணாடியைப் பார்த்து, "அக்கா, யார் இது?" என்றாள். "அதற்குத்தானே காசு கொடுக்கிறோம்" என்றார் அவள் அம்மா. கூடியிருந்தவர்கள் சிரிக்க, பெண் குனிந்த தலை நிமிரவில்லை. என்னால் கண்ணுக்கு மை தீட்ட முடியவில்லை.

பள்ளியில் 'ஹித்தாம்' (மலாயில் கறுப்பு) என்று கூப்பிட்டவனைத் திருப்பித் திட்டலாம். கடலைமாவும் கையுமாக, பாசத்தோடு வருகிற அத்தையை என்ன சொல்வது? 2017 நோன்புப் பெருநாளுக்கு ஓர் அழகுப்பொருள் விளம்பரத்தில், நடிகைக்குக் கரிய பூச்சுப் பூசி, அதைக் கழுவியதும் அழகியாகக் காட்டினார்கள். எதிர்ப்புக் கிளம்பியதும் மன்னிப்புக் கேட்டு நீக்கினார்கள். கல்யாண வீட்டில் யார் யாரிடம் மன்னிப்புக் கேட்பது? இப்போதெல்லாம் நிறத்தைப் பெண்ணிடம் மட்டும் கேட்கிறேன். சில முன்பதிவுகள் கைவிட்டுப் போயின, போகட்டும்.

பதில், கோலசிலாங்கூரிலிருந்து:
ஆண்களும் தப்பவில்லை. ஷா ஆலாமில் வாடகை அறை தேடினேன். தொலைபேசியில் என் மலாய்ப் பேச்சைக் கேட்டு வரச் சொன்னவர், வாசலில் என்னைப் பார்த்ததும் அறை போய்விட்டது என்றார். விளம்பரம் மட்டும் போகவில்லை. அதிலிருந்து அறை பார்க்கக் கிளம்பினாலே முழுக்கைச் சட்டை, அத்தர், மழித்த முகம். நேர்முகத் தேர்வுக்குக்கூட நான் அப்படிப் போனதில்லை.

பதில், கிளினிக் உதவியாளர்:
கால் வீங்கி வந்த ஒரு பெண்ணிடம் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "முகத்துக்கு என்ன பூசுகிறாய்?" கைப்பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தாள். பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், மாமியார் வாங்கிக் கொடுத்ததாம், லேபிளே இல்லை. இப்படிப்பட்ட கிரீம்கள் சிலவற்றில் பாதரசம் இருக்கும். தோலில் மெலனின் உருவாவதைத் தடுப்பதால் முகம் வெளுக்கும். உடம்பில் சேர்ந்தால் சிறுநீரகம் கெட்டு, கால் வீங்கும். ஒன்றைச் சுகாதார அமைச்சு தடை செய்தால் வேறு பெயரில் இன்னொன்று வருகிறது. அமைச்சிடம் அறிவித்த பொருளுக்குக் கிடைக்கும், என்-ஓ-டி (NOT) என்று தொடங்கும் அறிவிப்பு எண் இல்லாததைத் தொடாதீர்கள். எண் இருந்தாலும், அமைச்சு ரத்து செய்த பொருள்களில் அது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.