மறு: டெலிகன்வர்ட்டருக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினருக்கு வணக்கம். பறவைப் படம் எடுக்கப் பழகுபவர்களுக்கான கையேடு ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். டெலிகன்வர்ட்டருக்கென்றே ஒரு அத்தியாயம் இருக்கிறது, சொல்தான் இல்லை. கேமராவுக்கும் லென்சுக்கும் நடுவில் மாட்டுகிற சின்ன உருளை அது. உள்ளே இருக்கும் கண்ணாடித் தொகுதி குழிலென்சு போல வேலை செய்து கதிர்களைச் சற்று விரித்து அனுப்பும், அதனால் லென்சின் குவியத்தூரம் (focal length) கூடும், தூரத்துப் பறவை படத்தில் பெரிதாகத் தெரியும். பழைய வரைவில் 'தொலைமாற்றி' என்று இருக்கிறது. எனக்கு ஒப்பவில்லை. நாளைக்குள் யாராவது சொன்னால் நல்லது.

—

தொலைமாற்றி வேண்டவே வேண்டாம். அது எந்தத் தொலைவை மாற்றுகிறது? பறவை இருந்த கிளையில்தான் இருக்கிறது. 'குவியநீட்டி' என்று வையுங்கள். குவியம் + நீட்டி, மகரம் கெட்டுப் புணர்ந்தது, மரநார் போல. இகர விகுதி கருவிக்கும் வரும், வினைமுதலுக்கும் வரும்: மண்வெட்டி கருவி, வள்ளுவர் சினத்தைச் சொன்ன 'சேர்ந்தாரைக் கொல்லி' வினைமுதல். பறவைக்காரர்களுக்கு இது புதிதே இல்லை, மீன்கொத்தி, மரங்கொத்தி, வாலாட்டி, ஆள்காட்டி எல்லாம் இந்த விகுதியில் பிறந்த பெயர்கள்தானே.

—

ஐயா, இலக்கணம் சரி, பொருள் இடிக்கிறது. எக்ஸ்டென்ஷன் டியூபை என்ன சொல்வீர்கள்? 'நீட்டுக்குழல்' என்று பலர் ஏற்கெனவே எழுதுகிறோம். அதில் கண்ணாடியே கிடையாது, வெறும் குழல். லென்சைக் கேமராவிலிருந்து தள்ளி வைப்பதால் மிக அருகில் இருப்பதைக் குவிக்கலாம், ஆனால் தூரத்துப் பறவை குவியாது. டெலிகன்வர்ட்டரில் லென்சின் மிகக்குறைந்த குவிப்புத் தூரம் மாறாது, எவ்வளவு தொலைவில் இருப்பதையும் குவிக்கலாம். இரண்டுக்கும் 'நீட்டு' என்றால் புதிதாக வருகிறவர் தவறானதை வாங்கிவிடுவார். 'குவியப்பெருக்கி' என்பதே என் பரிந்துரை. 1.4 மடங்கு, 2 மடங்கு என்று இந்தப் பொருளை வாங்குவதே பெருக்கல் கணக்கில்தான்: 400 மி.மீ. எஃப்/5.6 லென்சில் 1.4 போட்டால் 560 மி.மீ. எஃப்/8 ஆகிவிடும் (எஃப் எண் துளை அளவைக் குறிப்பது, எண் கூடினால் ஒளி குறையும்). குழல் கூட்டுகிறது, இது பெருக்குகிறது.

—

'பெருக்கி' என்றதும் துடைப்பம் நினைவுக்கு வருகிறதே! அப்புறம் உருப்பெருக்கி, ஒலிபெருக்கி என்று வரிசை வேறு நீள்கிறது. சேண் என்ற அழகான சொல் சும்மா கிடக்கிறது. சேய்மை, சேய்த்து, சேண் எல்லாம் ஒரு குடும்பம். குறளில் 'சேணிகவா இன்பம்' என்று வரும். 'சேண்வில்லை' என்றால் இரண்டே சொல்லில் முடிந்தது. லென்ஸ் என்று எழுதுவதையும் இத்தோடு விட்டுவிடலாம், வில்லை என்பது இலங்கைப் பாடநூல்களில் எத்தனையோ காலமாகப் புழங்குகிறது.

—

வில்லைக்கு என் ஓட்டு உண்டு. சேணுக்கு இல்லை, ஏனென்றால் சேண்வில்லை என்று படிப்பவர் நெடுந்தூர லென்சையே நினைப்பார், அதன் பின்னால் மாட்டுவதை அல்ல.

ஒன்று கேட்கிறேன். விடியற்காலை வெளிச்சத்தில் மரங்கொத்தி ஒன்று வந்து உட்காரும்போது யார் வாயிலும் குவியப்பெருக்கி வராது, 'கன்வர்ட்டரைக் கழற்று' என்றுதான் வரும். ஏன் கழற்றச் சொல்கிறோம் என்பதைக் கையேடு சொல்லட்டும்: 1.4 போட்டால் ஒளி பாதி, 2 போட்டால் கால்பங்கு. 1/1000 நொடியில் எடுத்துக்கொண்டிருந்தவர் 1/500க்கு இறங்கவேண்டும், இல்லாவிட்டால் ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளியுணர்திறன் அளவை, இரட்டிப்பாக்கவேண்டும். லென்சின் குறையும் கை நடுக்கமும் சேர்ந்தே பெரிதாகும். பழைய எஸ்எல்ஆர் கேமராக்கள் பலவற்றில் எஃப்/5.6ஐத் தாண்டினால் தானியங்கிக் குவிப்பே நின்றுவிடும். இதெல்லாம் தெளிவாக இருந்தால் டெலிகன்வர்ட்டர் என்றே எழுதினாலும் தமிழ் குறைந்துவிடாது.

—

குறைந்துவிடாது என்பதை நான் ஏற்கமாட்டேன். வாய்ப்பேச்சுக்கு வேறு, அச்சுக்கு வேறு. கணினியும் முதலில் யார் வாயிலும் வரவில்லை.

—

எல்லோருக்கும் நன்றி. பெரும்பான்மை குவியப்பெருக்கி பக்கம் இருப்பதாகத் தெரிகிறது. அத்தியாயத் தலைப்பிலும் முதல் பத்தியிலும் 'குவியப்பெருக்கி என்னும் டெலிகன்வர்ட்டர்' என்று சேர்த்துப் போட்டுவிட்டு, பிறகு குவியப்பெருக்கி மட்டும். லென்ஸ் இந்தப் பதிப்பில் லென்சாகவே இருக்கட்டும், 200 பக்கத்திலும் மாற்ற நேரமில்லை.

—

குவியத்தூரம்தான் பெருகுகிறது, குவியம் ஒரு புள்ளி, புள்ளியை எப்படிப் பெருக்குவீர்கள்? அச்சுக்குப் போகட்டும், தடுக்கவில்லை. அடுத்த பதிப்புக்கு முன் 'குவியத்தூரப்பெருக்கி' பற்றி மறுபடி எழுதுவேன்.