பொட்டரின் காளைக்கு வயது என்ன?

ஓவியப்பித்தன்:
பதினேழாம் நூற்றாண்டு டச்சு ஓவியர்கள் நாட்டுப்புறத்தைக் கண்டது கண்டபடியே வரைந்தார்கள் என்றும், பாலஸ் பொட்டரின் ‘காளை’யே அதற்குச் சாட்சி என்றும் நேற்று மேய்ச்சல்காரர் எழுதியிருந்தார். 1647இல் வரையப்பட்டு, இப்போது ஹேக் நகரத்து மௌரிட்ஸ்ஹௌஸ் அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்தக் காளை எந்தக் கொட்டகையிலும் கட்டப்பட்டிருந்ததில்லை. வெவ்வேறு வயது மாடுகளைப் பார்த்து வரைந்த உறுப்புகளைச் சேர்த்து அதை அவர் உண்டாக்கினார். தோள் முதிர்ந்த காளைக்குரியது, பின்பாதியோ இளங்காளைக்குரியது. அப்படியானால் அதன் வயது என்ன?

மேய்ச்சல்காரர்:
ஈயையும் தவளையையும் சாணத்தையும்கூட விடாமல் வரைந்தவர் பொய் சொன்னார் என்கிறீர்கள். தொலைவில் தெரியும் ரைஸ்வைக் தேவாலயமும் பொய்யா? 1795இல் பிரெஞ்சுப் படையினர் அள்ளிக்கொண்டுபோய் பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் வைத்த ஓவியத்தில், அத்தனை பேர் கண்ணுக்கும் படாத குறை உங்களுக்கு மட்டும் பட்டுவிட்டது போலும். தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பவர்களை என்ன சொல்வது?

ஓவியப்பித்தன்:
ஓவியத்து மாட்டுக்குப் பல் பார்க்க வழியில்லை என்பதால்தான் தோளைப் பார்க்கிறேன். நான் சாணத்தைப் பற்றிப் பேசவில்லை, வயதைக் கேட்டேன்.

தூரிகை:
‘கண்டது கண்டபடி’ என்றால் என்ன என்பதை இருவரும் முதலில் சொன்னால் நன்றாயிருக்கும். பொட்டர் முதலில் காளையை மட்டுமே வரைய எண்ணியிருந்தார். பிறகு மேற்புறத்திலும் இரு பக்கங்களிலும் துணியைச் சேர்த்துப் பெரிதாக்கி, மற்ற மாடு ஆடுகளையும் மரத்தடியில் சும்மா நிற்கும் குடியானவரையும் நுழைத்தார். ஆம்ஸ்டர்டாம் வணிகர்கள் முதல் போட்டு, 1612இல் பேம்ஸ்டர் ஏரியை வடித்து நிலமாக்கிய நாடு அது. அதற்கு மண் சுமந்தவர்கள் இந்த ஓவியத்தில் எங்கே என்று கேட்பதை விட்டுவிட்டுக் காளையின் தோளை அளப்பானேன்? அதே நூற்றாண்டு டச்சு ஓவியர் ஆல்பர்ட் கைப்பின் மாடுகள் நிற்கும் பொன்னிற மாலையைப் பாருங்கள். இத்தாலிக்குப் போகாமலே அந்நாட்டு ஒளியை டார்ட்ரெக்ட்டின் ஆற்றங்கரைக்கு அவர் கொண்டுவந்துவிட்டார்.

ஓவியப்பித்தன்:
கைப் இத்தாலிக்குப் போகவில்லை என்பதைத் தூரிகை இன்றாவது ஒப்புக்கொண்டதில் மகிழ்ச்சி. ரோமிலிருந்து திரும்பிய டச்சு ஓவியர் யான் போட்டின் ஓவியங்களில் கண்ட ஒளி அது என்று சென்ற மாதம் நான் சொன்னபோது, என்னைக் ‘கைவிளக்குப் பண்டிதர்’ என்று ஏளனம் செய்தவர் இவர்தான். அந்தப் பதிவை ஓசையின்றி நீக்கியதும் இவரே.

தூரிகை:
நீக்கவில்லை, திருத்தினேன். தாங்கள் பிடித்த காளைக்கு மூன்றே கால் என்று நிற்பவரிடம் பேசிப் பயனில்லை.

மேய்ச்சல்காரர்:
மாடு வளர்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த ஈரமூக்கைக் கற்பனையில் வரைய முடியாது.

ஓவியப்பித்தன்:
மூக்கு எந்த மாட்டினுடையதாகவும் இருக்கட்டும். தோளுக்கு ஒரு வயது, தொடைக்கு ஒரு வயது என்றிருக்கும் மாட்டை நீங்கள் வளர்த்ததுண்டா? மாடு வளர்த்தவராயிற்றே, வயதைச் சொல்லுங்கள்.

மேய்ச்சல்காரர்:
கொம்பு முளைத்தவர்களுக்கெல்லாம் நான் பதில் சொல்வதில்லை.