எட்டாவது நகர்வில் மேட்: எதிராளி மனுஷன்தானா?

கரந்தை கருணா கேட்டது:

வணக்கம். எனக்கு வயது 51, தஞ்சாவூரில் சின்னதாக ஒரு ஹார்டுவேர் கடை. மத்தியானம் இரண்டிலிருந்து நான்கு வரை கடைக்கு ஆள் வராது, அப்போதுதான் போனில் செஸ். பத்து நிமிட ஆட்டம் மட்டும். ரேட்டிங், அதாவது ஆட்டத் திறனுக்குத் தளம் கொடுக்கும் எண், 1150. ஆறு மாதமாக அங்கேயே நிற்கிறது.

நேற்று வந்த எதிராளிக்கு 1010தான். சரி, சுலபம் என்று உட்கார்ந்தேன். நான் வெள்ளை. ராஜாவுக்கு முன்னால் இருக்கும் சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தினேன், அவரும் அதையே செய்தார். குதிரையால் அந்தச் சிப்பாயைத் தாக்கினேன். அதைக் காப்பாற்றாமல் அவரும் ஒரு குதிரையை வெளியே எடுத்தார். சிப்பாயை வெட்டினேன். இன்னொரு குதிரையைக் கொண்டுவந்து என் குதிரையோடு மாற்றிக்கொண்டார். எனக்கு ஒரு சிப்பாய் லாபம். அடுத்து ஒரு சிப்பாயை டி3 கட்டத்துக்கு நகர்த்தினேன், அவர் பிஷப்பை சி5க்குக் கொண்டுவந்தார். அவருடைய மிச்சக் குதிரை ராணிக்கு முன்னால் நின்றது. அதை அசையவிடாமல் கட்டிப்போட என் பிஷப்பை ஜி5ல் வைத்தேன்.

கட்டிப்போட்ட அதே குதிரையை எடுத்து இ4 சிப்பாயை வெட்டிவிட்டார்! ராணி சும்மா கிடந்தது, எடுத்தேன். அவர் பிஷப் எஃப்2வில் செக், அடுத்த பிஷப் ஜி4ல் மேட். எட்டே நகர்வு. ஒவ்வொன்றுக்கும் ஒரு விநாடிக்கு மேல் யோசிக்கவில்லை. 1010 ஆடுகிற ஆட்டமா இது? கம்ப்யூட்டரைப் பார்த்துத்தான் ஆடியிருக்கிறார் என்று நினைக்கிறேன். புகார் கொடுக்கலாமா?

ராத்திரி ஷிஃப்ட் பதில்:

கொடுக்காதீங்க அண்ணே. அவர் கம்ப்யூட்டரைப் பார்க்கவில்லை என்பதற்கு அவருடைய மூன்றாவது நகர்வே சாட்சி. நீங்கள் சிப்பாயை வெட்டியதும் குதிரையை சி6ல் வைத்தாரே, எந்த எஞ்சினும், அதாவது செஸ் ஆடும் கம்ப்யூட்டர் நிரலும், அப்படி ஒரு சிப்பாயைச் சும்மா விட்டுக்கொடுக்கச் சொல்லாது. அந்த இடத்தில் வெள்ளைக்கு நல்ல சாதகம் என்றுதான் காட்டும்.

இதற்குப் பெயர் ஸ்டாஃபோர்ட் கேம்பிட். கேம்பிட் என்றால் தொடக்கத்திலேயே ஒரு காயைத் தியாகம் செய்து ஆடுவது. பெட்ரோவ் டிஃபென்ஸ் என்ற தொடக்க ஆட்டத்தில் இது ஒரு கிளை. எரிக் ரோசன் என்ற சர்வதேச மாஸ்டர் யூடியூபில் இதை ஆடி ஆடிப் பிரபலமாக்கினார். உங்கள் எதிராளி அந்த வீடியோ பார்த்தவர், அவ்வளவுதான். மனப்பாடமாக ஆடுகிறவருக்கு ஒரு விநாடி போதும். எஞ்சினைப் பார்த்து ஆடுகிறவர்கள் பெரும்பாலும் வேறு மாதிரி: வெட்டியதைத் திருப்பி வெட்டுவதற்கும் ஆறு விநாடி, சிக்கலான இடத்துக்கும் அதே ஆறு விநாடி.

உங்கள் தப்பு ராணியை எடுத்தது மட்டுமில்லை. பிஷப்பை ஜி5ல் வைத்தபோதே மாட்டிக்கொண்டீர்கள். ராணியை விட்டுவிட்டு டி3 சிப்பாயால் அந்தக் குதிரையை வெட்டியிருந்தால்? பிஷப் எஃப்2வில் செக். உங்கள் ராஜா அதை வெட்டினால் டி வரிசை திறந்து கிடக்கிறது, உங்கள் ராணி போச்சு. ஜி5க்குப் பதிலாக உங்கள் இன்னொரு பிஷப்பை இ2வில் அடக்கமாக வையுங்கள். பார்க்கச் சப்பென்று இருக்கும். ஆனால் கறுப்பின் முழு வித்தையும் அதோடு நமத்துப்போகும்.

எட்டாம் சிப்பாய் பதில்:

ரேட்டிங் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ரேட்டிங் போடுகிற ஈலோ சூத்திரப்படி, ரேட்டிங்கில் 140 குறைந்தவர் உங்களோடு 100 ஆட்டம் ஆடினால் (வெற்றிக்கு ஒன்று, டிராவுக்கு அரை என்று) 31 புள்ளி எடுக்க வேண்டும். அதாவது மூன்றுக்கு ஒன்று கிட்டத்தட்ட. இதில் அதிசயமே இல்லை.

இன்னொன்று, எதிராளி எத்தனை ஆட்டம் ஆடியவர் என்று பாருங்கள். லிசெஸ் என்ற செஸ் தளத்தில் புதிதாகச் சேருகிற எல்லோருக்கும் 1500தான். கிராண்ட்மாஸ்டர் சேர்ந்தாலும் அதே 1500, என் மாமியார் சேர்ந்தாலும் அதே. ரேட்டிங் நிலைப்படும் வரை பக்கத்தில் ஒரு கேள்விக்குறி நிற்கும். அந்தக் குறியைக் கண்டால் எண்ணை நம்பாதீர்கள். ஒரு தளத்து எண்ணை இன்னொரு தளத்தோடு ஒப்பிடவும் கூடாது.

உண்மையிலேயே ஒருவர் ஏமாற்றிப் பிடிபட்டால், அவரிடம் நீங்கள் இழந்த ரேட்டிங் புள்ளியைப் பெரிய தளங்கள் திருப்பிக் கொடுத்துவிடும். எனக்கே இரண்டு முறை வந்திருக்கிறது. சந்தேகம் இருந்தால் புகார் பட்டனை அழுத்திவிட்டு அடுத்த ஆட்டத்துக்குப் போங்கள், எதிராளியை சாட்டில் மட்டும் திட்டாதீர்கள்.

பொன்மலை அம்மா பதில்:

அந்த 1010 என் மகனாகக்கூட இருக்கலாம் சார்! ஒன்பது வயது. வாரம் மூன்று நாள் செஸ் வகுப்பு, வீட்டில் தினம் முப்பது புதிர் போட்டால்தான் டிவி. நிதானமாக ஆடினால் பெரியவர்களையே திணறவைப்பான். ஆனால் பஸ்ஸில் போகும்போது என் போனை வாங்கி ஆடுவான், இறங்கும் இடம் வந்ததும் பாதி ஆட்டத்தில் பிடுங்கிப் பையில் போட்டுவிடுவேன். அத்தனையும் தோல்விக் கணக்கு. அவன் ரேட்டிங் ஏறாததற்கு நானும் ஒரு காரணம்.

கரந்தை கருணா:

எல்லோருக்கும் நன்றி. அந்த ஆட்டத்தை அனாலிசிஸில் போட்டுப் பார்த்தேன். ராத்திரி ஷிஃப்ட் தம்பி சொன்னது சரி, மூன்றாவது நகர்வு முடிந்ததும் யாருக்குச் சாதகம் என்று காட்டும் கோடு என் பக்கம் ஏறி நின்றது. ஜி5ல் தடாலென்று விழுந்தது. புகார் கொடுக்கவில்லை.

பிஷப்பை இ2வில் வைத்துப் பார்க்கலாம் என்று மூன்று நாளாகக் காத்திருக்கிறேன், ஒருவரும் அந்த கேம்பிட்டை ஆடமாட்டேன் என்கிறார்கள். நேற்று மச்சான் வீட்டுக்கு வந்திருந்தார். பழைய மரப்பலகையை எடுத்தேன், கறுப்பு எனக்கு. அவரும் அதே பிஷப்பை அதே ஜி5ல் வைத்தார், ராணியை ஆசையாக எடுத்தார். மேட் சொன்னதும் பலகையை ஒரு நிமிஷம் பார்த்தார். அப்புறம் என் மடியைப் பார்த்து, "போன வச்சிக்கிட்டு ஆடுறீங்களா மாமா?" என்றார்.

போன் கடையில் சார்ஜில் இருந்தது. அவர் இன்னும் நம்பவில்லை.