இத்தாலியச் சீட்டுக்கட்டுகள்: பலெர்மோ, ட்ரெவீசோ பக்கம் இருப்பவர்கள் உதவ முடியுமா?

வணக்கம். இத்தாலியின் வட்டாரச் சீட்டுக்கட்டுகளைச் சேர்த்து வருகிறேன். ஸ்கோப்பா என்ற இத்தாலியச் சீட்டாட்டம் ஆட எல்லா ஊரிலும் 40 சீட்டுதான், ஆனால் படம் ஊருக்கு ஊர் மாறும். நம் ஹார்ட்ஸ், ஸ்பேட்ஸ் போல இவற்றில் வாள், தடி என்றெல்லாம் சின்னங்கள் உண்டு. நேப்பிள்ஸ் கட்டில் வாள்கள் நேராக, தனித்தனியாக இருக்கும். தடிச் சின்னத்தின் மூன்றாம் எண் சீட்டில் மீசை வைத்த ஒரு விகார முகம். அதற்காகவே அந்தக் கட்டு எனக்கு ரொம்பப் பிடிக்கும். ட்ரெவீசோ கட்டில் வாள்கள் வளைந்து பின்னிக் கிடக்கும், ஏஸ் சீட்டுகளில் பழமொழி போன்ற வரிகளும் உண்டு.

நேப்பிள்ஸ் கட்டு என்னிடம் இருக்கிறது. ட்ரெவீசோ, சிசிலி கட்டுகள் வேண்டும். சிசிலித் தீவின் பலெர்மோவிலோ, ட்ரெவீசோவிலோ இருக்கும் நம்மவர்கள் யாராவது ஊருக்கு வரும்போது எடுத்து வர முடியுமா? பணத்தை முன்கூட்டியே அனுப்பிவிடுகிறேன். அப்புறம், பலெர்மோ வீடுகளில் இன்றும் சிசிலிக் கட்டில்தான் ஆடுகிறார்களா? பார்த்தவர்கள் சொல்லுங்கள்.