அவளுக்கு ரெண்டு இழை

செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் எங்கள் வீட்டு இரண்டாம் கட்டில், அடுப்படிக்குப் போகிற வழியில், பித்தளைப் பூண் போட்ட ஒரு படி எப்போதும் கவிழ்த்து வைத்திருக்கும். அதை அப்பத்தாவைத் தவிர யாரும் தொட மாட்டோம். மூன்று மருமகள்களுக்கும் வருடச் சாமான் அளந்தது அந்தப் படியில்தான்.

வெளியூர்க்காரர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் பக்கம் கல்யாணம் ஆன மகனை 'வேறு வைப்பார்கள்'. சண்டை போட்டுப் பிரிவது இல்லை. அதே வீட்டுக்குள் அவன் தனிப் புள்ளி, அதாவது தனிக் குடும்பக் கணக்கு. தனி அறை, தனி அடுப்பு, வருடத்துக்கு வேண்டிய அரிசி, பருப்பு, புளி, மிளகாய் எல்லாம் பெரியவர்கள் அளந்து கொடுத்துவிடுவார்கள். நல்லது கெட்டது என்றால் எல்லோரும் ஒரே வளவில், அதாவது வீட்டு நடு முற்றத்தில், கூடுவார்கள். சேர்ந்து இருக்கத்தான் வேறு வைக்கிறது என்று அப்பத்தா சொல்வார்.

என் அம்மா மூன்றாவது மருமகள். பிறந்த வீட்டில் வசதி குறைவு, கொண்டுவந்த சாமானும் குறைவு. மற்ற இருவருக்கும் அளந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றாராம், தனக்கு எப்படி அளப்பார்களோ என்று. அப்பத்தா படியில் அரிசியை அள்ளி, தலை தட்டாமல் கோபுரமாக விட்டு, கொட்டினாராம். மூத்தவர்களுக்கும் அப்படித்தான், அம்மாவுக்கும் அப்படித்தான். அம்மா இதை என்னிடம் நூறு தடவையாவது சொல்லியிருப்பார். ஒவ்வொரு தடவையும் குரல் கம்மிவிடும்.

அப்பத்தாவின் அப்பச்சிக்கு, அதாவது அப்பாவுக்கு, பர்மாவில் கடை இருந்தது. 1942-ல் ஜப்பான்காரன் உள்ளே வந்ததும் எல்லாவற்றையும் போட்டுவிட்டு உயிரோடு ஊர் வந்து சேர்ந்தார். அப்போது அப்பத்தாவுக்கு 12 வயது. பெரிய வீடு, வெறும் பெட்டகம். அளந்து வாழ்வது அவருக்கு அந்த வயதில் வந்த பழக்கம் என்று நினைக்கிறேன். அதிலே கஞ்சத்தனம் வராமல் இருந்ததுதான் எனக்கு இன்றும் ஆச்சரியம்.

சரி, நான் சொல்ல வந்தது பிள்ளையார் நோன்பு பற்றி.

கார்த்திகை தீபத்திலிருந்து 21-ஆம் நாள் வரும். புது வேட்டியிலிருந்து நூல் உருவி, 21 இழை சேர்த்துத் திரித்து ஒரு திரி. அரிசிமாவும் வெல்லமும் நெய்யும் பிசைந்த மாவில் பிள்ளையார் மாதிரி சின்னதாகப் பிடித்து, அதில் திரியை வைத்து ஏற்றி, வீட்டுக்கு மூத்தவர் ஒவ்வொருவருக்காகக் கொடுப்பார். சுடரோடு அப்படியே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். இதைத்தான் இழை எடுத்துக்கொள்வது என்போம். சின்ன வயதில் நான் பயந்து அழுவேன். அப்பத்தா என் தாடையைப் பிடித்துக்கொண்டு, "சுடாது ஆத்தா, வாயை மூடினா அணைஞ்சிரும்" என்பார். உண்மைதான், நாக்கில் நெய்யும் வெல்லமும்தான் தெரியும்.

எனக்குக் கல்யாணமான மறு வருடம் நோன்புக்குச் சென்னையிலிருந்து ஊருக்கு வந்திருந்தேன். நாள் தள்ளிப்போயிருந்தது. உறுதியாகத் தெரியாததால் வீட்டுக்காரரைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை, அம்மாவிடம்கூட. சாயங்காலம் கருப்பட்டிப் பணியாரம் வெந்துகொண்டிருந்தபோது எண்ணெய் வாசனை தாங்காமல் முகப்புப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டேன். அவ்வளவுதான் நடந்தது.

இருட்டியதும் எல்லோரும் கூடினோம். பெரியப்பச்சி (பெரியப்பா) வரிசையாகக் கொடுத்துக்கொண்டு வந்தார். என் முறை வந்தது. ஓர் இழையை எடுத்து நீட்டினார். தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அப்பத்தா, தலையைத் தூக்காமல், "அவளுக்கு ரெண்டு" என்றார்.

வளவே அமைதியாகிவிட்டது. வயிற்றுப்பிள்ளைக்கும் சேர்த்து இரண்டு இழை எடுத்துக்கொள்வது வழக்கம். அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! நான் இரண்டையும் வாங்கிப் போட்டுக்கொண்டேன். கண்ணீர் வந்தது சூட்டினால் இல்லை.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பற்றியும் எழுதுங்கள்.

*

தேவகோட்டையிலிருந்து:

படித்ததும் எங்கள் ஆயா, அம்மாவைப் பெற்ற பாட்டி, நினைவு வந்துவிட்டது. ஐயா, அதாவது தாத்தா, மலேயாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போனவர். போனால் மூன்று வருடம். கல்யாணமான சில மாதத்திலேயே கப்பலேறிவிட்டார். ஆயா வாழ்க்கையில் பாதி காத்திருப்பதிலேயே போயிருக்கிறது. வயல், வட்டி, பிள்ளைகள் படிப்பு எல்லாம் அவர் தலையில்.

எனக்குத் தெரிந்த ஆயாவின் கை சும்மா இருந்ததே இல்லை. பனங்குருத்தோலையைக் கிழித்து, நனைத்து, சாயம் ஏற்றி, கொட்டான் முடைந்துகொண்டே இருப்பார். விளிம்பில் பாசிமணி கோப்பார். பேரன் பேத்தி ஒவ்வொருவர் கல்யாணத்துக்கும் ஒன்று. என் தங்கைக்கு அப்போது எட்டு வயது, அவளுக்கும் முடைந்து, பெயர் எழுதிய துணியில் சுற்றிப் பெட்டகத்தில் வைத்துவிட்டுத்தான் போனார். பதினாறு வருடம் கழித்து அதைப் பிரித்தபோது சிவப்புச் சாயம் கொஞ்சமும் மங்கவில்லை. அதில்தான் தேங்காய் பழம் கொடுத்தோம்.

*

கானாடுகாத்தானிலிருந்து:

நான் இப்படிப் பெரிய வீட்டுப் பேத்தி இல்லை. என் அம்மா அப்படி ஒரு வீட்டில் பலகார வேலை பார்த்தவர். நாங்கள் பின்கட்டு வழியாகத்தான் போவோம், முகப்பு வழியாகப் போனதே இல்லை. அது எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது, மறைக்கவில்லை. ஆனால் அம்மா காய்ச்சலில் படுத்த வாரம் அந்த வீட்டு ஆச்சி கஞ்சித் தூக்கோடு எங்கள் குடிசைக்கே வந்து, தரையில் உட்கார்ந்து, அம்மாவுக்கு ஊட்டிவிட்டுப் போனார். அதையும் மறக்க முடியாது.

வெள்ளைப் பணியாரம் எனக்குச் சொல்லித் தந்தவரும் அவர்தான். ஓர் உழக்கில் பச்சரிசியை நிரப்பு, அதன் மேலேயே எவ்வளவு உளுந்து நிற்குமோ அவ்வளவு கோபுரமாக வை, அதுதான் அளவு. மாவு கெட்டியானால் பணியாரம் கல்லாகும், நீர்த்துப்போனால் எண்ணெய் குடிக்கும். இன்று நான் பலகாரம் போட்டுக் கொடுத்துப் பிழைக்கிறேன். அந்த அளவை மாற்றியதே இல்லை. மேலே 'கோபுரமாக' என்று படித்ததும் கை நின்றுவிட்டது.

*

பள்ளத்தூர்ப் பேத்தி:

கொட்டானைப் பற்றிப் படித்துவிட்டு அம்மாவுக்கு போன் செய்து வாசித்துக் காட்டினேன். அப்போது அம்மா ஒன்று சொன்னார், எனக்கு இதுவரை தெரியாது.

அப்பத்தா ஒரு நோட்டு வைத்திருந்தார். மொய், பால் கணக்கு, பிள்ளைகள் பிறந்த நட்சத்திரம் எல்லாம் அதில்தான். ஒவ்வொரு வருட நோன்புக்கும் எத்தனை இழை என்றும் எழுதியிருக்கிறார். ஐயா காலமான வருடம் ஒன்று குறைந்திருக்கிறது, சித்தப்பாவுக்கு இரட்டைப் பிள்ளை பிறந்த வருடம் இரண்டு கூடியிருக்கிறது. நான் மேலே எழுதிய வருடத்துக்கு 27 என்று இருக்கிறதாம். அன்றைக்கு வந்தவர்கள் 26 பேர்.

திரி திரிப்பது மத்தியானத்தில். எனக்கு எண்ணெய் வாசனை பிடிக்காமல் போனது சாயங்காலம். சென்னையிலிருந்து வந்து இறங்கி, காலைக் கழுவிவிட்டு, அப்பத்தா காலில் விழுந்து கும்பிட்டபோதே என் முகத்தைப் பார்த்து எண்ணிவிட்டிருக்கிறார்.