ஐந்து வயது லாப்ரடார்: வீட்டில் அன்றாடம் கவனிக்க வேண்டியவை

கேள்வி – உறையூர்வாசி

அனைவருக்கும் வணக்கம். அண்ணன் வேலைக்காக வெளிநாடு சென்றுவிட்டதால், அவர் வளர்த்த ஐந்து வயது ஆண் லாப்ரடார் இப்போது திருச்சியில் எங்கள் வீட்டில் இருக்கிறது. எடை 42 கிலோ. காலையில் பாலும் பிஸ்கட்டும், மதியம் தயிர்சாதம், இரவில் கோழிக்கறி கலந்த சோறு என்று பழகியிருக்கிறது. வெறிநோய்த் தடுப்பூசி உட்பட எல்லாம் முறையாகப் போடப்பட்டிருக்கின்றன. பரிசோதித்த கால்நடை மருத்துவர், நோய் எதுவும் இல்லை, எடையைக் குறைத்தே ஆக வேண்டும் என்றார். நான் காலை எட்டரைக்கு வேலைக்குக் கிளம்பினால் மாலை ஆறரைக்குத்தான் திரும்புவேன். பகலில் உடனிருக்கும் அம்மாவுக்கு மூட்டுவலி. இந்தச் சூழலில் நாள்தோறும் எவற்றைத் தவறாமல் செய்தால் அது நலமாக இருக்கும்?

மறுமொழி – தென்னூர்

வணக்கம் சகோதரி. உணவை முதலில் சரிசெய்யுங்கள். மற்றவை எல்லாம் அதற்குப் பின்புதான். அமெரிக்காவில் 48 லாப்ரடார்களைக் குட்டிப் பருவம் முதல் இறுதிவரை கவனித்து, 2002இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. அவற்றை இரண்டிரண்டாக இணைத்து, ஒன்றுக்கு மற்றதைவிட 25 விழுக்காடு குறைவாக உணவு கொடுத்தார்கள். குறைவாக உண்டு வளர்ந்தவற்றில் பாதி 13 வயதைத் தொட்டன; கூடுதலாக உண்டவற்றில் பாதி 11.2 வயதுக்குள் இறந்துவிட்டன. மூட்டுத் தேய்மானமும் மெலிந்த நாய்களுக்குத் தாமதமாகவே வந்தது.

இந்த இனத்தில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்குப் பசியைக் கட்டுப்படுத்தும் மரபணு ஒன்றில் குறை இருப்பதைக் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016இல் கண்டறிந்தார்கள். ஆகவே, தட்டு காலியான பிறகும் அது உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால், வயிறு நிறையவில்லை என்று எண்ணி இன்னொரு பிடி வைத்துவிடாதீர்கள். ஒரு நாளைக்கான அளவை மருத்துவரிடம் கேட்டு, அதைக் காலையிலேயே அளந்து ஒரு டப்பாவில் எடுத்து வைத்துவிட்டால், வீட்டில் யார் எப்போது கொடுத்தாலும் அதிலிருந்துதான் கொடுக்க வேண்டும் என்ற ஒழுங்கு வந்துவிடும். பாலையும் பிஸ்கட்டையும் நிறுத்திவிடலாம். வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பால் செரிப்பதில்லை. சோற்றில் ஒரு பகுதியைக் குறைத்து, அதற்குப் பதிலாக வேகவைத்த பூசணி, பீன்ஸ், கேரட் சேர்க்கலாம். சோறும் கறியும் மட்டுமே கொடுத்தால் சுண்ணாம்புச் சத்து போதாது என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். குழம்பு கலந்த சோறு வேண்டவே வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். பாயசத்திலிருந்து எடுத்துப் போடும் உலர்திராட்சை சிறுநீரகத்தையே செயலிழக்கச் செய்துவிடலாம். வெந்த எலும்பு கூராக உடைந்து குடலைக் கிழிக்கும்.

விலாப்பக்கம் கையை மெல்ல வைத்தால், அழுத்தாமலேயே எலும்புகள் தட்டுப்பட வேண்டும். வாரம் ஒருமுறை இப்படிப் பாருங்கள்.

மறுமொழி – காவிரிக்கரை

தென்னூர் அவர்கள் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். நான் வலியுறுத்த விரும்புவது, தினமும் இரவில் பத்து நிமிடம் நாயைத் தலை முதல் வால் வரை தடவிப் பார்க்கும் பழக்கத்தை. நம் ஊர் வெப்பத்தில் உண்ணி ஆண்டு முழுவதும் இருக்கும். காது மடலுக்குள், கழுத்துப்பட்டைக்கு அடியில், அக்குளில், விரல் இடுக்குகளில் மயிரை விலக்கிப் பாருங்கள். மிளகு அளவில் ஒட்டியிருப்பதை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தெடுக்க வேண்டும். கையால் நசுக்கக் கூடாது, மண்ணெண்ணெய் தடவவும் கூடாது. இரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி கீழே விழுந்து, சுவர் வெடிப்பிலும் கதவுச் சட்டத்தின் இடுக்கிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். ஆகவே நாய்க்கு மருந்து கொடுத்துவிட்டு, அது படுக்கும் இடத்தைக் கவனிக்காமல் விட்டால் பயனில்லை.

தடவும்போதே மேலுதட்டைத் தூக்கி ஈற்றைப் பாருங்கள். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மீண்டும் இளஞ்சிவப்பாக வேண்டும். ஈறு வெளுத்து, சோர்ந்து, உண்ண மறுத்தாலோ, மூக்கில் இரத்தம் வந்தாலோ, அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கக்கூடும். அன்றைக்கே இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலைக் கொடுத்துவிடாதீர்கள். பல் துலக்க நாய்களுக்கென்றே விற்கும் பற்பசை வேண்டும். நம்முடையதை அது விழுங்கிவிடும், சிலவற்றில் உள்ள சைலிட்டால் என்ற இனிப்பூட்டி அதற்கு நஞ்சு. குளிப்பாட்டிய பின் தொங்கும் காதுகளின் உட்புறத்தைத் துணியால் ஒற்றியெடுங்கள்.

மறுமொழி – பொன்மலை

நடைக்கு விடியற்காலைதான் ஏற்ற நேரம். மாலையில் இருட்டிய பிறகும் தார்ச்சாலை சுடும். புறங்கையை ஏழு விநாடி தரையில் வைக்க முடியாவிட்டால் அதன் பாதமும் தாங்காது. வேகமாக இழுத்துச் செல்லாமல், நின்று முகர விடுங்கள்; அதன் மனத்துக்கு அதுவே பெரிய நிறைவு. பகலில் அம்மா உட்கார்ந்தபடியே, அளந்து வைத்த உணவில் கொஞ்சத்தைப் பழைய துண்டில் சுருட்டிக் கொடுத்தால், மோந்து பிரித்துத் தின்னும். பருமனான நாய்க்கு வெயில் மிக ஆபத்தானது. எச்சில் கெட்டியாக வழிய மூச்சிரைத்துத் தள்ளாடினால், உடனே தண்ணீர் ஊற்றி, மின்விசிறிக் காற்றில் வைத்துக் குளிரச் செய்தபடியே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

உறையூர்வாசி

மூவருக்கும் மிக்க நன்றி. டப்பாவில் அளந்து வைப்பதை நாளையே தொடங்குகிறேன். அம்மா நண்பகலில் நீர்மோர் கொடுக்கிறார், அது தொடரலாமா?

தென்னூர்

உப்பும் பச்சைமிளகாயும் சின்ன வெங்காயமும் சேர்க்காத மோர் என்றால் அரை டம்ளர் தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் தண்ணீருக்கு அது மாற்றாகாது. உங்கள் நாயின் எடைக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய இரண்டு லிட்டர் தேவைப்படும். சோற்றில் உள்ள நீரும் இதில் அடங்கும். இரண்டு இடங்களில் கிண்ணம் வைத்து, காலையும் மாலையும் கழுவி நிரப்புங்கள். வெயில் கூடாமலேயே அது குடிக்கும் அளவு திடீரென்று மிகுந்தால், சர்க்கரை நோய்க்கும் சிறுநீரகத்துக்கும் பரிசோதனை செய்யச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள்.