கப்பி கணக்கில் எனக்கு 6 வருகிறது, விடை 5.45. எங்கே இடிக்கிறது? (நாளை டெஸ்ட்)

சில்வர்பீச்_பையன்
மஞ்சக்குப்பம் டியூஷனில் கொடுத்த கணக்கு. மேஜை மேல் 4 கிலோ, தொங்குவது 6 கிலோ, நடுவில் கப்பி. 4 கிலோவின் முடுக்கம் என்ன? 6 கிலோவை இழுக்கும் விசை 60-ஐ மொத்த நிறை 10-ஆல் வகுத்தால் 6. விடைத்தாளில் 5.45 என்று இருக்கிறது. சார் போனை எடுக்கவில்லை. சீக்கிரம் யாராவது சொல்லுங்கள்.

பாகூர்_வாசி
மேஜை வழவழப்பானதா? உராய்வுக் குணகம் உண்டா? g (புவியீர்ப்பு முடுக்கம்) எவ்வளவு? இதெல்லாம் சொல்லாமல் கேட்டால் எப்படித் தம்பி?

நெல்லிக்குப்பம்_கரும்பு
g-தான் காரணம். 9.8 போட்டுப் பார்.

பாகூர்_வாசி
9.8 போட்டால் 5.88 வரும், 5.45 வராது. இது உராய்வு. குணகம் 0.136 என்று வைத்தால் சரியாக உட்காருகிறது.

கெடிலக்கரை
0.136 என்று எந்த வாத்தியார் கணக்குப் போடுவார்? 0.1, 0.2 என்றுதான் கொடுப்பார்கள். தம்பி, படத்தைப் போடு. இல்லையென்றால் கயிறு எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்றாவது எழுது.

இயற்பியல்_சித்தர்
இங்கே யாரும் "எடையற்ற கப்பி" என்ற வரியைப் படித்ததே இல்லை போலிருக்கிறது. நிஜக் கப்பிக்கு நிறை உண்டு, அதைச் சுழற்றவும் விசை வேண்டும். நிலைமத் திருப்புத்திறனை (சுழலக் காட்டும் எதிர்ப்பை) ஆரத்தின் வர்க்கத்தால் வகுத்து, வருவதை நிறைகளோடு கூட்ட வேண்டும். திண்மத் தட்டு என்றால் அது கப்பியின் நிறையில் பாதி. கப்பி 2 கிலோ என்றால் 1. ஆக 60 / (4 + 6 + 1) = 5.45. கயிற்றின் இழுவிசை மேஜைப் பக்கம் 21.8 நியூட்டன், தொங்கும் பக்கம் 27.3. அந்த வித்தியாசம்தான் கப்பியைச் சுற்றுகிறது. முடிந்தது. இனிக் குழப்பாதீர்கள்.

கெடிலக்கரை
அந்த 2 கிலோ எங்கிருந்து வந்தது சார்? தம்பி சொல்லவே இல்லையே.

இயற்பியல்_சித்தர்
விடை பொருந்துகிறது. அப்புறம் என்ன?

சில்வர்பீச்_பையன்
கப்பி எடையற்றது, உராய்வு இல்லை, g = 10 என்று கணக்கிலேயே இருக்கிறது. 6 கிலோ இன்னொரு கப்பியில் தொங்குகிறது. கயிறு அதைச் சுற்றி மேலே போய் உத்தரத்தில் கட்டியிருக்கிறது. அது முக்கியமா?

நெல்லிக்குப்பம்_கரும்பு
அடப்பாவி! கணக்கே அதுதானே.

கெடிலக்கரை
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் இவ்வளவு பேர் மண்டையை உடைத்திருக்க வேண்டாம். சரி, கவனி. கயிற்றின் நீளம் மாறாது. 4 கிலோ 10 செ.மீ. நகர்ந்தால் தொங்கும் பக்கம் 10 செ.மீ. கயிறு கிடைக்கிறது. ஆனால் அசையும் கப்பியை இரண்டு இழைகள் பிடித்திருக்கின்றன, ஆளுக்கு 5 செ.மீ. அதனால் 6 கிலோ 5 செ.மீ.தான் இறங்கும். தூரம் பாதி என்றால் முடுக்கமும் பாதி. 6 கிலோவின் முடுக்கம் a என்றால் 4 கிலோவுக்கு 2a. நீ இரண்டுக்கும் ஒரே a போட்டிருக்கிறாய், அதுதான் 6.

கயிற்றின் இழுவிசை T என்றால், மேஜையில்: T = 4 × 2a = 8a
தொங்குவதில்: 60 − 2T = 6a
சேர்த்தால் 60 = 22a, a = 2.73. உனக்கு வேண்டியது 2a, அதாவது 5.45.

இயற்பியல்_சித்தர்
நானும் 5.45 தானே சொன்னேன்.

கெடிலக்கரை
நீங்கள் போட்டது 60/11, இதுவும் 60/11. எண் ஒன்றாக விழுந்தது தற்செயல். உங்கள் கணக்கில் 6 கிலோவும் 5.45-இல் இறங்கும், இதில் 2.73-இல்தான். நிறையைக் கொஞ்சம் மாற்றினாலே இரண்டும் பிரிந்துவிடும்.

ஓ.டி._போட்_மெக்கானிக்
இஞ்சின் தூக்கும் செயின் பிளாக்கைப் பார்த்தாலே இது புரியும். செயினைக் கை கையாக இழுத்துக்கொண்டே இருப்போம், இஞ்சின் விரலளவுதான் ஏறும். பலம் குறைவாகப் போதும், வேலையும் மிச்சம்.

பாகூர்_வாசி
வேலை மிச்சமாகாது அண்ணே. விசை பாதியானால் இழுக்கும் தூரம் இரட்டிப்பாகும். பெருக்கினால் அதேதான்.

ஓ.டி._போட்_மெக்கானிக்
தம்பி, கையால் தூக்கிப் பார்த்துவிட்டுப் பேசு. முதுகு சொல்லும் எது மிச்சம் என்று.

பாகூர்_வாசி
முதுகு சொல்வது விசை. நான் சொல்வது ஜூல், அதாவது வேலை. நிஜத்தில் செயின் உரசலுக்கும் சேர்த்துக் கூடுதலாகவே கொடுக்கிறீர்கள்.

நெல்லிக்குப்பம்_கரும்பு
பேச்சு எங்கேயோ போகிறது. பையன் எங்கே?

இயற்பியல்_சித்தர்
தூங்கியிருப்பான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு விடை கிடைத்தால் போதும்.

சில்வர்பீச்_பையன்
வந்துவிட்டது, நன்றி அக்கா. (ஆ) பிரிவில் இழுவிசை கேட்டிருக்கிறது. 21.8 சரியா?

கெடிலக்கரை
சரி. 4 × 5.45. இந்தக் கப்பியில் இரண்டு இழையிலும் அதே 21.8 தான். அலகு எழுத மறக்காதே, அரை மார்க் போய்விடும்.